அத்தை தூக்கிய இரும்பு

இந்த வயதில் இரும்பு தூக்க வேண்டுமென்றால் முதலில் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கல்கத்தாவில், டாலிகஞ்சில் நாங்கள் இருக்கும் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஒரு ஜிம் இருக்கிறது. அங்கே எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அதற்கு நானே பொறுப்பு என்று ஒப்புக்கொள்ளும் படிவம் அது. பணிக்காலம் முழுவதும் பிறர் எழுதிய படிவங்களில் ஓட்டை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவள் நான். ஆகவே சாட்சிக் கையெழுத்துக்கு இடமே விடவில்லை என்பதையும், கடைசிப் பத்தி முதல் பத்தியை ரத்து செய்கிறது என்பதையும் பயிற்சியாளப் பையனுக்கு எடுத்துச் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி மாஷிமா, இப்போ கம்பியைப் பிடியுங்க" என்றான். வங்காளிப் பையன்களுக்கு வயதான பெண்கள் எல்லாரும் மாஷிமாதான், சித்தி முறை. சித்தியிடம் வாதாட மாட்டார்கள். அவள் சொல்வதைக் கேட்கவும் மாட்டார்கள்.

எலும்பு உள்ளுக்குள் அரிபட்டுக்கொண்டிருக்கிறது, பளு தூக்கினால்தான் நிற்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குனிந்து வெறும் கம்பியைப் பிடித்தேன். பையன் என் பக்கவாட்டில் வந்து நின்று, "பிட் ஷோஜா" என்றான். முதுகு நேராக இருக்கட்டும் என்று அர்த்தம். சொல்லிவிட்டு அவனே வியந்துபோனான். என் முதுகு ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது. இடுப்பு பின்னால் போய், மார்பு நிமிர்ந்து, கம்பி காலை ஒட்டி, எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. "முன்னாடி எங்கே கத்துக்கிட்டீங்க மாஷிமா?" என்று கேட்டான். நான் வாழ்நாளில் இரும்பைத் தொட்டதில்லை. தொட்டவள் ஒருத்தியைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அப்போது நாங்கள் காளிகாட்டில் ஒரு சந்துக்குள் மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். அப்பாவுக்குக் கிடர்பூரில் துறைமுக அலுவலகத்தில் வேலை. ஊரிலிருந்து அப்பாவின் தங்கையை, என் அத்தையை, எங்கள் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். ஊர் சுற்றிப் பார்க்க அனுப்பியதாகச் சொல்லிக்கொண்டார்கள். உண்மையில் அவளைத் தேற்றுவதற்காக அனுப்பியிருந்தார்கள். அடுத்தடுத்து வந்த மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் பெண் ஒல்லி என்று சொல்லி எழுந்துபோயிருந்தார்கள். கேசரியை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள் என்பது அத்தையே என்னிடம் சொன்ன தகவல்.

அம்மா நெய்யும் பருப்புமாகப் போட்டுப் பார்த்தாள். அத்தை வாங்கிச் சாப்பிட்டாள். உடம்பில் ஒன்றும் ஒட்டவில்லை. கடைசியில் தெருமுனை டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். கல்கத்தாவில் எந்த நோயும் ஈரலில்தான் தொடங்கும். டாக்டர் அத்தையின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்து, ஈரல் தூங்குகிறது என்றும், பசி எடுக்கத் தேகப்பயிற்சி வேண்டும் என்றும் சொன்னார். எங்கள் சந்துக்குப் பின்னால் குளக்கரையில் ஒரு வியாயாம சமிதி இருந்தது. காலையிலும் மாலையிலும் ஆண்கள் வந்து உடம்பை வளர்த்துக்கொள்ளும் இடம். மத்தியானம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட நேரம். அங்கே சேர்த்துவிடுங்கள் என்றார்.

அப்பா தயங்கினார். ஆனால் டாக்டர் கையால் எழுதிக்கொடுத்திருந்தார். அப்பா எழுத்தில் வந்த எதையும் மீறியதில்லை. கைகாலை ஆட்டி ஏதோ செய்யச் சொல்வார்கள், ஆட்டிவிட்டு வரட்டும் என்று முடிவானது. கூடப் போவதற்கு என்னை நியமித்தார்கள். கல்யாணமாகாத பெண் தெருவில் தனியாக நடக்கக் கூடாது; கூட ஒரு குழந்தை இருந்தால் நடக்கலாம். இரண்டாம் வகுப்புப் படிக்கும் என்னால் எந்த ஆபத்தைத் தடுத்திருக்க முடியும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. பிற்காலத்தில் அரசாங்கத்தில் இப்படிப்பட்ட காவல் ஏற்பாடுகளை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால் இப்போது ஆச்சரியமில்லை.

சமிதி என்பது தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கொட்டகை. சுவரில் பஜ்ரங்பலி, அதாவது அனுமார் படம், அதற்குக் கீழே ரசம் போன ஒரு ஆளுயரக் கண்ணாடி, ஓரத்தில் மண் நிரப்பிய ஒரு பள்ளம். அந்த மண்ணுக்குப் பக்கத்தில் இரும்பு கிடந்தது. ஒரு நீளக் கம்பி, அதன் இரு முனைகளிலும் மாட்டுவதற்குப் பெரிதும் சிறிதுமாக வட்டுகள். மத்தியானம் வரும் பெண்கள் அநேகமாகக் கையைக் காலை ஆட்டிவிட்டுக் குளக்கரையில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார்கள். இரும்பைத் தொடுகிறவள் ஒருத்திதான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலை ஷிப்ட் முடித்துவிட்டு நேரே வருவாள். அத்தை வயதுதான் இருக்கும். எல்லாரும் அவளைச் சம்பா-தி என்று கூப்பிட்டார்கள், சம்பா அக்கா. குரல் மட்டும் ஒரு பஸ் கண்டக்டருடையது.

முதல் நாள் அத்தை அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். சம்பா-தி கம்பியைத் தரையிலிருந்து இழுத்துத் தோளில் ஏந்தி, ஒரு மூச்சு நின்று, தலைக்கு மேலே நிறுத்தினாள். பிறகு மண்ணில் தொப்பென்று போட்டுவிட்டு அத்தையிடம், "என்ன பார்க்கிறே மெட்ராஸ்காரி? வந்து பிடி" என்றாள். அவள் பேசியது பாதி வங்காளி, பாதி இந்தி. அத்தைக்கு அப்போது இரண்டும் தெரியாது. ஆனாலும் போய்ப் பிடித்தாள்.

அன்றிலிருந்து நான் தகர டப்பாவும் துண்டும் வைத்த துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மண் பள்ளத்தின் விளிம்பில் உட்காருவேன். டப்பாவில் ஊறவைத்த கொண்டைக்கடலையும் வெல்லமும் இருக்கும். முட்டை சாப்பிடச் சொல்லிச் சம்பா-தி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். எங்கள் சைவ வீட்டில் அது நடக்காது என்று தெரிந்ததும் கடலைக்கு இறங்கிவந்தாள். குளிர் தொடங்கியபின் புதிதாக வந்த ஈச்ச வெல்லத்தை அவளே ஒரு கட்டி கொண்டுவந்து கொடுப்பாள். அதில் பெரும்பகுதி யார் வயிற்றுக்குப் போயிற்று என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கற்றுக்கொடுத்தது மூன்றே காரியம். தரையில் கிடப்பதை நிமிர்ந்து எடுப்பது. தோளில் கம்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுவது; அதற்கு அங்கே பைட்டக் என்று பெயர். தலைக்கு மேலே நிறுத்துவது. மூன்றுக்கும் மந்திரம் ஒன்றுதான்: பிட் ஷோஜா. சம்பா-தி கத்துவாள். கொஞ்ச நாளில் அவளோடு சேர்ந்து நானும் கத்தினேன். அத்தை முக்கிக்கொண்டே சிரிப்பாள். "ஏய், சிரிக்க வைக்காதடி, கீழே போட்டுருவேன்."

உடம்பில் பலம் ஏறும் முறையைப்போல் யோக்கியமான நிர்வாகத்தை அதற்குப் பிறகு நான் எங்கேயும் கண்டதில்லை. நேற்றுத் தூக்கியதைவிட இன்று ஒரு துளி கூடுதல். சிபாரிசு செல்லாது, சீனியாரிட்டி செல்லாது. இருப்பதிலேயே சின்ன வட்டு ஜோடிக்குச் சம்பா-தி பாத்தாஷா என்று பெயர் வைத்திருந்தாள். கோயிலில் கொடுக்கும் சர்க்கரை வில்லைதான் பாத்தாஷா. "இன்னிக்குப் பாத்தாஷா சாப்பிடறியா?" என்று கேட்பாள். அத்தை தலையாட்டினால் இரண்டு பக்கமும் அதை மாட்டுவாள். அது பழகியதும் அதைக் கழற்றிவிட்டு அடுத்த பெரிய ஜோடி வரும். பிறகு அதன்மேல் மறுபடி பாத்தாஷா.

அத்தைக்குப் பசி எடுத்தது. தட்டில் இரண்டாம் தரம் சாதம் கேட்டாள். அம்மா சந்தோஷத்தில் காளி கோயிலில் தேங்காய் உடைத்தாள். ரவிக்கைக் கை இறுகியது. தையற்காரர் பிரித்துத் தைத்துக்கொடுத்து, மறுபடி பிரித்துத் தைத்தார். முகத்தில் சதை பிடிக்கும் என்று எதிர்பார்த்தது தோளில் பிடிக்கிறதே என்று அம்மாவுக்கு லேசான குழப்பம். இருந்தாலும் சதை சதைதானே என்று விட்டுவிட்டாள். ஊருக்குக் கடிதம் போயிற்று: பெண் தேறிவிட்டாள், ஜாதகத்தை எடுக்கலாம்.

அதே சமயத்தில் சமிதியிலும் ஒரு முடிவு எடுத்திருந்தார்கள். வங்காளத்தில் சரஸ்வதி பூஜை தை, மாசி வாக்கில் வரும்; அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை சமிதியின் ஆண்டு விழா. குளக்கரையில் மேடை போட்டு, பாரா, அதாவது அந்தப் பேட்டை, முழுவதும் வந்து பார்க்கும். பெண்கள் பக்கத்திலிருந்து அதுவரை சம்பா-தி மட்டுமே மேடை ஏறியிருக்கிறாள். இந்தத் தடவை அத்தையும் ஏற வேண்டும் என்றாள். ஒரு பளுவையும் நிர்ணயித்தாள்: இரண்டு பெரிய வட்டு, இரண்டு நடு வட்டு, அதன்மேல் பாத்தாஷா ஜோடி. பாத்தாஷா இல்லாமல் அதை அத்தையால் தலைக்கு மேலே நிறுத்த முடிந்தது. பாத்தாஷாவோடு தோள்வரைதான் வந்தது. தோளில் ஏந்தியபடி நின்று, மேலே தள்ளுவாள், நெற்றி உயரத்தில் கை நடுங்கும், மண்ணில் போட்டுவிடுவாள். "குளிர்காலம் முழுக்க இருக்கு" என்பாள் சம்பா-தி. அத்தை உள்ளங்கையைப் பார்ப்பாள். அங்கே வரிசையாகக் காய்ப்புகள். வீட்டுக்கு வரும் வழியில் என் கையைப் பிடித்துக்கொள்வாள். அவற்றை நான் விரலால் தடவித் தடவி எண்ணிக்கொண்டு வருவேன். ஒரு நாள் சந்துமுனையில் நின்று, "மேடையில நான் தூக்கும்போது நீ எங்க உட்கார்ந்திருப்ப?" என்று கேட்டாள். முதல் வரிசை என்றேன். "கத்துவியா?" கத்துவேன் என்றேன். அந்த ஒரு விஷயத்தை மட்டும் நாங்கள் இருவரும் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் கார்த்திகையில் வந்தார்கள். கரக்பூரில் ரயில்வே உத்தியோகம். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அவருடைய தாய்மாமா என்று மூன்று பேர். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு உடம்பு சுகமில்லை, பிரயாணம் செய்ய முடியாது என்று தெரிவித்திருந்தார்கள்.

எங்கள் வீட்டில் கௌரவமான நாற்காலி கிடையாது. கீழ்வீட்டு ஜேட்டிமா, அதாவது வீட்டுக்காரரின் மனைவி, தன்னுடைய பிரம்பு நாற்காலியை இரவல் கொடுத்தாள். பார்க்கச் சிம்மாசனம்போல் இருக்கும். பின்னங்கால் ஒன்று ஆடும். அம்மா அந்தக் காலைப் பழம்புடவைக் கிழிசலால் இறுக்கிக் கட்டி, மேலே பூப்போட்ட விரிப்பைப் போட்டு மறைத்துவிட்டாள். மாப்பிள்ளை ஒடிசலானவர் என்று போட்டோவில் தெரிந்திருந்ததால் அவரை அதில் உட்காரவைப்பது என்று அப்பா திட்டம். சரியான திட்டம்தான். ஆனால் மூத்தவர் நிற்கும்போது மாப்பிள்ளை உட்காரமாட்டார் என்பதையும், மூத்தவரை இருப்பதிலேயே உயர்ந்த ஆசனத்தில்தான் உட்காரச் சொல்ல வேண்டும் என்பதையும் அவர் கணக்கில் எடுக்கவில்லை. தாய்மாமா உள்ளே வந்தபோது வாசல்நிலை நிறைந்தது. அப்பா வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை பிரம்பு நாற்காலியைக் காட்டி, "மாமா, நீங்க உட்காருங்க" என்றுவிட்டார். அம்மா சமையலறை வாசலில் கண்ணை மூடிக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் அந்தக் கிழிசல் தாங்கியது. அத்தை பட்டுப்புடவையில், குனிந்த தலையோடு, கேசரித் தட்டை ஏந்தி வந்தாள். நான் பஜ்ஜித் தட்டோடு பின்னால். மாமா கேசரிக்காக முன்னால் சாய்ந்து, பிறகு திருப்தியோடு பின்னால் சாய்ந்தார். சடக்கென்று ஒரு சத்தம். நாற்காலி பக்கவாட்டில் படுத்தது. மாமா சுவருக்கும் இரும்புக் கட்டிலுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் சரிந்து, கால் மேலேயும் இடுப்பு கீழேயுமாகப் போய்ச் செருகிக்கொண்டார்.

அப்பா ஒரு கையைப் பிடித்து இழுத்தார். மாப்பிள்ளை இன்னொரு கையை இழுத்தார்.

"ஐயோ, கை! கையை விடுங்கய்யா! பிய்ஞ்சு வந்துரும்!"

கட்டிலை நகர்த்தலாம் என்றால் அதன் கால்களுக்கு இடையில் அவரே சிக்கியிருந்தார். அப்பா ஜேட்டிமா வீட்டு ஆண்களைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், வெளி ஆளுக்குத் தெரிய வேண்டாம் என்றாள் அம்மா. மாமாவின் மூச்சு விசில் அடிக்கத் தொடங்கியது.

அத்தை கேசரித் தட்டை என் தலையில் வைத்தாள். என் கைகள் ஏற்கெனவே நிறைந்திருந்தன. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கட்டில்மேல் ஏறி, மாமாவுக்குப் பின்னால் சுவரோரமாக இறங்கினாள். கால்களை அகட்டிக் குந்தினாள். அவருடைய அக்குளுக்கு அடியில் கைகளை நுழைத்து மார்புக்கு முன்னால் பூட்டிக்கொண்டாள். எனக்கு மறந்துபோயிற்று, இது எந்த இடம், யார் வீட்டார் என்பதெல்லாம்.

"அத்தை! பிட் ஷோஜா!" என்று கத்தினேன்.

அத்தையின் முதுகு நிமிர்ந்தது. மாமா எழுந்தார். எழுந்தார் என்று சொல்லக் கூடாது, எழுப்பப்பட்டார். ஒரு குலுக்கல் இல்லை, ஒரு அவசரம் இல்லை. அவரைத் தூக்கிய உயரத்தில் ஒரு மூச்சு நிறுத்தி, அப்படியே திரும்பி, கட்டில்மேல் உட்காரவைத்தாள். பட்டுப்புடவையில் அவள் தூக்கியது அதுவே முதல் தடவை. பிறகு தலைப்பை எடுத்துப் போர்த்திக்கொண்டு, என் தலையிலிருந்து கேசரித் தட்டை வாங்கிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டாள்.

மாமா முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதுவும் தெரியவில்லை. "நல்ல கை. யாருப்பா தூக்குனது? நீயா?" என்று மாப்பிள்ளையைக் கேட்டார். மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்பா கூரையைப் பார்த்தார். பதில் தெரிந்தவள் நான் ஒருத்திதானோ என்று தோன்றியதால், "எங்க அத்தை" என்றேன்.

அதற்குப் பிறகு பஜ்ஜியை யாரும் தொடவில்லை, ஆறிப்போனது.

மாப்பிள்ளையின் அம்மா மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மாளுக்கு முகத்தில் நிரந்தரமாக ஒரு களைப்பு. அத்தையை அருகே கூப்பிட்டு, கையை வாங்கி, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். காய்ப்புகளை நான் தடவுவதுபோலவே அவளும் தடவினாள். அம்மா பதறிப்போய், வீட்டு வேலை எல்லாம் இவள்தான், அம்மியும் ஆட்டுக்கல்லும் இவள் கைதான் என்று அவசரமாகப் பொய் சொன்னாள். அந்த அம்மாள் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. போகும்போது படிக்கட்டில் என் கன்னத்தைத் தட்டி, "உங்க அத்தை தினமும் இப்படித் தூக்குவாளா கண்ணு?" என்று கேட்டாள்.

"தினமும். ஞாயித்துக்கிழமை மட்டும் லீவு."

"ஞாயித்துக்கிழமை லீவா?" என்று சொல்லிவிட்டு, வந்ததிலிருந்து முதல் முறையாகச் சிரித்தாள். நான் ஏதோ நல்ல ஜோக் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அன்று மாலை வீட்டில் சாவு விழுந்ததுபோல் இருந்தது. பெண் பார்க்க வந்தவரைப் பெண்ணே கட்டித் தூக்கினாள் என்று ஊர் முழுக்கப் பேசப்போகிறது என்றாள் அம்மா. அத்தை மட்டும் இரண்டாம் தரம் சாதம் வாங்கிச் சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு மாடியில் என்னிடம், "எத்தனை வட்டு இருக்கும்டி அந்த மாமா?" என்றாள். நாங்கள் இருவரும் கம்பியில் அவரை மாட்டிப் பார்த்துச் சிரித்தோம். பாத்தாஷாவுக்கு மேலேயே வருவார் என்று முடிவு செய்தோம். சமிதி விழாவைப் பற்றி எங்களுக்கு இனிக் கவலையில்லை. அந்தச் சம்பந்தம் எப்படியும் வராது.

வந்தது. அந்த வாரமே சம்மதக் கடிதம் வந்தது. பெண்ணை ரொம்பப் பிடித்துவிட்டது, வேறு எதைப் பற்றியும் பேச்சே வேண்டாம், தையில் முதல் முகூர்த்தத்திலேயே முடித்துவிடலாம் என்றார்கள். அப்பா அதை மறுபடி மறுபடி படித்தார். அம்மா ஜேட்டிமாவின் நாற்காலிக்குப் புதுக் கால் போட்டுக்கொடுத்து, மேலே ரசகுல்லாப் பானையும் வைத்துத் திருப்பிக் கொடுத்தாள். ஒல்லி என்று தள்ளிய ஊருக்கெல்லாம் எங்கள் வீடு கடிதம் எழுதியது. நான் பள்ளிக்கூடத்தில், எங்கள் அத்தை ஒரு ஆளைத் தூக்கிக் கல்யாணத்தை ஜெயித்தாள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். பொய்யில்லை.

அத்தை ஒரே ஒரு தடவை கேட்டாள். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கதவோரமாக நின்றபடி கேட்டாள்.

"அண்ணே, கல்யாணத்தை மாசிக் கடைசியில வச்சுக்கலாமா?"

"ஏம்மா? அவங்க அவசரப்படறாங்களே."

"சமிதியில ஒரு விழா இருக்கு. சரஸ்வதி பூஜைக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை."

அப்பா புரியாமல் பார்த்தார். "விழாவைப் பார்க்கணுமா? அதுக்காகவா கல்யாணத்தைத் தள்ளி வைப்பாங்க?"

நான் வாயைத் திறந்தேன். அத்தை என் தோளை அழுத்தினாள். அவள் அழுத்தினால் யாருக்கும் வாய் மூடிக்கொள்ளும். "ஆமாண்ணே. பார்க்கத்தான்" என்றாள். "அடுத்த வருஷம் வந்து பாரேன். கரக்பூர் பக்கம்தானே" என்றார் அப்பா. நல்ல மனிதர். தங்கைக்காக மனதார அடுத்த வருஷத்தை ஒதுக்கிக் கொடுத்தார்.

கல்யாணத்துக்குப் பிறகு வந்த கோடை விடுமுறையில் என்னைக் கரக்பூருக்கு அனுப்பினார்கள். ரயில்வே குவார்ட்டர்ஸின் பின்னறையில் ஒரு பெரிய கட்டில். அதில் அத்தையின் மாமனார். ஒரு காலத்தில் எஞ்சின் ஓட்டியவர், வாட்டசாட்டமான ஆள். பக்கவாதத்தில் விழுந்து நாளாகியிருந்தது. அத்தை காலையில் கட்டிலோரம் கால்களை அகட்டிக் குந்துவாள். அவருடைய அக்குளுக்கு அடியில் கைகளைப் பூட்டுவாள். ஒரு மூச்சு நின்று நாற்காலிக்கு மாற்றுவாள். மத்தியானம் மறுபடி. சாயங்காலம் மறுபடி. தூக்குமுன் உதட்டுக்குள் பிட் ஷோஜா என்று சொல்லிக்கொள்வாள். எனக்கு அது விளையாட்டாக இருந்தது. நானும் சேர்ந்து கத்துவேன். அந்தப் பெரியவரும் ஒரு பக்க வாயால் சிரிப்பார். மாமியார் வாசலில் உட்கார்ந்து காய் நறுக்குவாள். அவள் முகத்தில் இருந்த பழைய களைப்பைக் காணோம். என்னிடம் பிரியமாக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு என்று நான் சொன்னதை நினைவு வைத்திருந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கும் அத்தைக்கும் பாயசம் வைத்தாள். பாயசம் சாப்பிட்டுவிட்டு அத்தை எழுந்து பின்னறைக்குப் போவாள்.

அந்தக் கட்டிலில் மாமனாருக்குப் பிறகு மாமியார் படுத்தாள். அவளுக்குப் பல வருஷம் கழித்து அத்தையின் கணவரும் படுத்தார். அத்தை யாரையும் கீழே போட்டதாக நான் கேள்விப்படவில்லை. மனக்குறையாகவும் எதையும் சொன்னதில்லை. சமிதியைப் பற்றிப் பேச்சு வந்தால், "அந்த ஈச்ச வெல்லம் மாதிரி அப்புறம் கிடைக்கவே இல்லடி" என்பாள், அவ்வளவுதான். அவள் போய்ச் சில வருஷமாகிறது. குளத்தைத் தூர்த்து வீடு கட்டிவிட்டார்கள். ஜிம்மில் பையன் சின்ன வட்டை எடுத்து என் கம்பியில் மாட்டும்போதெல்லாம், யாரோ கூப்பிட வருவதுபோல் நான் கதவுப்பக்கம் பார்க்கிறேன். ஏன் என்று அவன் கேட்டான். பழக்கம் என்றேன். அப்படி ஒரு பழக்கம் எனக்கு இருந்ததே இல்லை.

அத்தையின் கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஒரு மத்தியானம். ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வந்து வீடு நிறைந்திருந்தது. சமிதியில் விட்டுவந்த துண்டை எடுத்துவர வேண்டும் என்று அத்தை சொன்னாள். என்னைக் கூட அனுப்பினார்கள். அத்தையின் கையில் முதல்நாள் வைத்த மருதாணி. கொட்டகையில் சம்பா-தி தவிர யாரும் இல்லை. அவள் அத்தையின் சிவந்த கைகளைப் பார்த்தாள். கம்பியை மண்ணோரத்தில் உருட்டிக் கொண்டுவந்து வைத்தாள். பெரிய ஜோடியை மாட்டினாள். நடு ஜோடியை மாட்டினாள். பாத்தாஷாவைக் கையில் வைத்துக்கொண்டு அத்தையைப் பார்த்தாள். அத்தை தலையாட்டினாள்.

அன்று உடை மாற்றிக்கொள்ளவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கம்பி வழுக்காமலிருக்க மருதாணிக் கையில் சாக்பீஸ் பொடியைத் தேய்த்துக்கொண்டாள். குனிந்தாள். நான் கத்த வாயெடுத்தேன். அதற்குள் கம்பி தோளுக்கு வந்துவிட்டது. ஒரு மூச்சு. பிறகு மேலே தள்ளினாள். நெற்றி உயரத்தில் எப்போதும்போல் கை நடுங்கியது. அந்த நடுக்கத்தோடேயே கம்பி மேலே போயிற்று. போய் நின்றது.

"பாஹ்!" என்று சம்பா-தி கத்திக் கைதட்டினாள். நானும் தட்டினேன். தகரக் கூரைக்கு அடியில் எங்கள் இருவர் சத்தமும் ஒரு பாராவே வந்ததுபோல் கேட்டது. "ஆச்சு, ஆச்சு, நாமாவ்" என்றாள் சம்பா-தி. இறக்கு என்றாள்.

அத்தை இறக்கவில்லை.

கைகளை நீட்டி, இரும்பைத் தலைக்கு மேலே பிடித்தபடி, எதிரே ரசம் போன கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சம்பா-தி மறுபடி சொன்னாள். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டாள். கைதட்டலையும் நிறுத்தினாள். எனக்குப் பயம் வந்தது. கம்பி மாட்டிக்கொண்டதோ, இறக்கத் தெரியாமல்தான் நிற்கிறாளோ என்று நினைத்தேன். அதோடு வீட்டில் அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் போய்ப் புடவையைப் பிடித்து இழுத்து, "அத்தை, போதும், எல்லாரும் தேடுவாங்க" என்றேன்.

அப்போதுதான் இறக்கினாள். மற்ற நாட்களைப்போல் மண்ணில் போடவில்லை. தோளுக்குக் கொண்டுவந்து, முழங்காலுக்குக் கொண்டுவந்து, சத்தமில்லாமல் தரையில் வைத்தாள். பாத்தாஷாக்களைத் தானே கழற்றிச் சம்பா-தியின் கையில் கொடுத்தாள். துண்டை எடுத்துக்கொள்ள மறந்துவிட்டோம்.

சந்தில் நடந்து வரும்போது அத்தையின் கைகள் பக்கவாட்டில் தாமாகவே மெல்ல எழும்பின. அவள் கீழே அழுத்துவாள், மறுபடி எழும்பும். எனக்கு ஒரே சிரிப்பு. என்ன அத்தை இது என்று கேட்டேன்.

"ரொம்ப நேரம் கனத்தைத் தாங்கிட்டு விட்டா இப்படித்தான்டி. கை ரெண்டும் லேசாயிடும். என்னவோ வெறுமையா இருக்கு" என்றாள்.

அவளுக்கு என்ன வேண்டும் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. தோளிலிருந்த துணிப்பையைக் கழற்றி, "அப்படீன்னா இதைத் தூக்கிக்கோ" என்று நீட்டினேன். அத்தை அதை வாங்கிக்கொண்டாள். நான் கையை வீசிக்கொண்டு முன்னால் ஓடினேன்.